கால் நீட்ட ஒரு வண்டி

என் தங்கை வெர்லீன் முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். வீட்டுக்காரன் வாடகையை ஒரேயடியாக ஏற்றிவிட்டான்; நவம்பர் கடைசியில் காலி செய்ய வேண்டும். ஒஹாயோவில் அப்போதே வாளித் தண்ணீர் உறைந்துவிடும். நான் இருப்பதோ முதியோர் குடியிருப்பு. விருந்தாளி இரண்டு வாரத்துக்கு மேல் தங்கினால் என்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவார்கள். அதனால்தான் வெர்லீன் கார் வாங்கப் போனாள், குடியிருக்க. வேண்டாம் என்று அவள் சொல்லியும் நான் கூடவே போனேன்.

பழைய கார் விற்கிற டேரல் இரண்டைக் காட்டினான். ஒன்று இருபத்திரண்டு வயது நீள வண்டி. மற்றது பத்து வயதுக் குட்டி வண்டி.

“இந்தக் குட்டியில பின்னாடி கேமரா இருக்கு மேடம். பெட்ரோலும் கம்மியாத்தான் குடிக்கும்.”

வெர்லீன் அதன் பின்சீட்டை மடக்கி, ஏறிப் படுத்தாள்.

“என்ன மேடம், குடித்தனமே நடத்தப்போறீங்களா?” என்று சிரித்தான்.

“ஆமா தம்பி. கதவைப் பூட்டு.”

சிரிப்பு நின்றது. பூட்டினான். முழங்காலை மடக்கிக் கிடந்தவள் கொஞ்சம் புரண்டாள். ஊரைக் கூட்டுவதுபோல ஹாரன் அலறியது. உள்ளே ஆள் அசைந்தால் திருடன் என்று நினைக்கிற வண்டி அது.

பழையதில் நன்றாக நீட்டிப் படுத்தாள். சத்தமே இல்லை. ஆனால் எஞ்சினைப் போட்டு ஹீட்டரைத் திருப்பியதும் புகை நாற்றம். கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு அரித்த ஓட்டை. அதன் வழியே தரை தெரிந்தது; எஞ்சின் புகையும் அதன் வழியேதான் உள்ளே ஏறியது.

“குட்டியையே எடுடி. காலை மடக்கிக்கோ. ஹாரனை எவனாவது சரி பண்ணிக் குடுப்பான்.”

“முப்பத்தொரு வருஷம் நின்னுட்டேன்க்கா. படுக்கும்போதாவது நீட்டிக்கிறேன்.”

“புகையில செத்துப்போவ!”

“ஹீட்டர் போட்டுட்டுத் தூங்க மாட்டேன்.”

“அப்ப குளிர்ல செத்துப்போவ!”

“ஏதாவது ஒண்ணைச் சொல்லுக்கா,” என்றபடி பழையதற்கே கையெழுத்துப் போட்டாள்.

டேரலுக்கு மனசு கேட்கவில்லை போலும். வாசனை அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கண்ணாடியில் தானே தொங்கவிட்டான்.

“இது என் அன்பளிப்பு மேடம். இனிமே நாத்தமே தெரியாது.”

நான் அதைப் பிய்த்து அவன் கையிலேயே திணித்தேன்.

“நாத்தம் தெரிஞ்சாத்தாண்டா அவ எந்திரிப்பா!”

நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டுக் குளிரிலேயே வந்தோம். என்னை வாசலில் இறக்கிவிட்டாள். ராத்திரியில் எங்கே நிறுத்தப்போகிறாய் என்று எத்தனை முறை கேட்டும் அவள் சொல்லவில்லை.