மந்தமாக ஒலித்த தகடு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில், காவலர்களின் குண்டு துளைக்காத அங்கிக்குள் வைக்கும் பீங்கான் தகடுகளைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அன்று ஒன்று மந்தமாகக் கேட்டது. மறுபடி தட்டினேன். என் காதுதான் சரியில்லையோ? இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன்.

“லோரி காத்துக்கிட்டு இருக்குலா, அக்கா. வீட்ல அடுப்ப அணைச்சீங்களான்னும் சந்தேகம் வந்துருச்சா?” என்று மேற்பார்வையாளர் சிரித்தார்.

அதுவும் வந்திருந்தது. “இத போட்டுக்கிட்டுப் போறவருக்கும் பிள்ள இருக்கும், தம்பி. எடுங்க.”

திரையில் தலைமுடி போல ஒரு விரிசல் ஓடியது. அவர் சிரிப்பு நின்றது. லோரியில் ஏற்றிய பெட்டிகளையெல்லாம் இறக்கச் சொன்னார்.

“அக்கா, எல்லாத்தையும் நீங்களே தட்டிப் பாத்துருங்க.”

அடுத்த தகட்டை ஆசை தீரத் தட்டினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.