மாட்டுவண்டிக்கு முப்பத்தொரு கேள்வி

1. கேட்டில் இருந்தவர்கள்

வாட்ச்மேன் காதர் பாய். மேனேஜர் ராவ் சார். வண்டி நிறையச் செந்தூரா மாம்பழத்தோடு வந்த லகுமம்மா. அவருடைய இரண்டு மாடுகள். மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர். அதற்குப் புரோகிராம் எழுதிய நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரி. நான் பத்தாவது ஃபெயில். எடைமேடையில் வேலை. ஓனர் என்னை ஓசூருக்கு அனுப்பி மூன்று மாதம் கம்ப்யூட்டர் கிளாஸ் படிக்க வைத்தார். திரும்பி வந்து கேட்டுக்கு ஒரு புரோகிராம் எழுதினேன்.

முதலில் நான்கு கேள்விதான். பேர், ஊர், பழம், எடை. முன்பு காதர் பாய் நோட்டில் எழுதியதும் அதே நான்கு.

பிறகு ஆபீசில் ஆளாளுக்கு வந்தார்கள். ஒருவர் வண்டி எண் கேட்கச் சொன்னார். ஒருவர் டிரைவர் லைசென்ஸ். ஒருவர் டயர் எத்தனை என்று கேட்கச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சேர்த்துக்கொண்டே போனேன். சேர்க்கத் தெரிந்தது, சேர்த்தேன். முப்பத்தொன்று ஆயிற்று.

எதையும் காலியாக விட்டால் நகராது. தப்பாகப் போட்டால் 'பீப்' என்று கத்தும். அந்தச் சத்தத்தை வைத்தது நான். அதில் எனக்குப் பெருமை.

ராவ் சார் நோட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். கரண்ட் இல்லாத நேரத்தில் மட்டும் நோட்டு என்று உத்தரவு. புரோகிராமின் மூல ஃப்ளாப்பியை ஓனர் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டார். விலை உயர்ந்த பொருளாம். ஆகவே நானே நினைத்தாலும் ஒரு கேள்வியைக்கூட எடுக்க முடியாது.

2. எட்டு மணி

லாரியும் டிராக்டரும்தான் வரும் என்று நினைத்து எழுதியிருந்தேன். கேட்டில் கம்ப்யூட்டர் வைத்த மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு மாட்டுவண்டி வந்தது.

லகுமம்மாவுக்குப் பன்னிரண்டு மரம். வருஷத்துக்கு ஒரே லோடு. முப்பத்தாறு கூடை. மரத்திலேயே பழுத்தது. வெயில் ஏறினால் வெடிக்கும். வெடித்ததை, பழத்தைச் சோதிக்கிற லேப் எடுக்காது.

கேள்வி இங்கிலீஷில் வரும். காதர் பாய் வரிசையை மனப்பாடம் பண்ணியிருந்தார்.

"வண்டி நம்பர் என்னாம்மா?"

"மாட்டுக்குப் பேரு இருக்குது பாய். நம்பரு ஏது?"

பூஜ்யம் போட்டார். பீப். ராவ் சார் வந்தார். சாக்பீஸ் வாங்கி வண்டியின் பின்பலகையில் தானே ஒரு நம்பர் எழுதினார். காதர் பாய் அதை அடித்தார். ஒத்துக்கொண்டது.

"லைசென்ஸ் நம்பர்?"

"எனக்கா, மாட்டுக்கா?"

ராவ் சார் தன் ஸ்கூட்டர் லைசென்ஸைக் கொடுத்தார்.

"ஏன் சாமி, போன வருசம் ஒரு நோட்டு இருந்துச்சே. அதுல எழுதிக்கினு உள்ள வுடக் கூடாதா? பழம் வேகுதே" என்றார் லகுமம்மா.

"சிஸ்டம் அந்த்ரெ சிஸ்டம், அம்மா. இரு இரு, முடிஞ்சிரும்." ராவ் சாருக்குக் கன்னடம் கலந்துதான் தமிழ் வரும்; சிஸ்டம் என்றால் சிஸ்டம்தான் என்கிறார்.

மணி பத்தரை. கேள்வி பதினேழு.

3. எடைமேடை

மூன்று டன்னுக்குக் குறைந்தால் பீப் என்று நான்தான் எழுதியிருந்தேன். அதற்குக் குறைவாக யார் கொண்டுவரப் போகிறார்கள் என்று நினைப்பு. வண்டி, மாடு, பழம் எல்லாம் சேர்த்து 1,840 கிலோ.

ராவ் சார் கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்தார். பிறகு லோடிங் ஆட்களைக் கூப்பிட்டு எடைமேடைமேல் நிற்கச் சொன்னார். போதவில்லை. பழம் வெட்டுகிற பெண்களும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்கள். இருபது பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். 2,930.

ராவ் சார் செருப்போடு ஏறினார். 3,010.

காதர் பாய் அடித்தார். சத்தம் வரவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்புறம்தான் ராவ் சாருக்கு ஞாபகம் வந்தது. காலி வண்டியைத் திரும்ப எடை போட்டுக் கழித்தால்தான் பழத்தின் எடை தெரியும்.

"யாரும் அதிகம் நடமாடக் கூடாது. காலி வண்டி வரும்போது இதே ஆளுங்க, இதே எடையில நிக்கணும்."

"சாப்பாட்டு மணி அடிச்சாச்சு சார்" என்றாள் வெட்டுகிற பெண் ஒருத்தி.

"சாப்பிட்டா எடை ஏறும்."

"ஒண்ணுக்குப் போலாமா சார்?"

ராவ் சார் யோசித்தார். "வேணாம். குறையும்."

அப்போது வலது மாடு சாணி போட்டது. ஒருவன் அள்ளப் போனான்.

"பேடா, பேடா! தொடாதே. எடைல சேர்ந்தது அது. அங்கேயே இருக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியம். இருபது பேரும் சாணியை மிதிக்காமல் தள்ளி நின்றார்கள், எடை குறையக் கூடாது என்று.

கூடையிலிருந்து சாறு சொட்ட ஆரம்பித்தது. ஈ வந்துவிட்டது. லகுமம்மா முந்தானையை விரித்து, எட்டிய வரைக்கும் நாலைந்து கூடையை மூடினார்.

4. டயர்

கேள்வி இருபத்தெட்டு. டயர் எத்தனை. காதர் பாய் இரண்டு என்று போட்டார். பீப். நான்குக்குக் குறையக் கூடாது. அதுவும் என் வேலை.

"உள்ள ஒரு டிராலி இருக்கில்ல? ரெண்டு சக்கரம். கொண்டுவந்து பின்னால கட்டுங்க" என்றார் ராவ் சார்.

"டிராலி ஏறினா எடை மாறுமே சார்" என்றார் காதர் பாய்.

"அப்போ ரெண்டு பேர் இறங்கட்டும்."

எந்த இரண்டு பேர் என்று பேச்சு ஆரம்பித்தது. பசி. இறங்க எல்லாருக்கும் ஆசை.

நான் குனிந்து கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏய், என்னய்யா ஆச்சு?"

"கரண்ட் போச்சு சார்."

"ஃபேன் ஓடுதே?"

"கம்ப்யூட்டருக்கு மட்டும் போச்சு சார்."

ராவ் சார் ஃபேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையில் பிளக் இருந்தது. மேடையிலிருந்து இறங்கி அலமாரிச் சாவியைக் காதர் பாயிடம் கொடுத்தார். உத்தரவு உத்தரவுதானே.

காதர் பாய் நோட்டில் எழுதினார். பேர், ஊர், பழம், எடை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கேட்டைத் திறந்தார். மணி இரண்டு.

5. அதற்குப் பிறகு

லேப்பில் ஒவ்வொரு கூடையாகப் பார்த்தார்கள். நான் கூடவே நின்றேன். லகுமம்மா என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். அந்த டப்பாவுக்குக் கேள்வி எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பீரோ சாவி வந்த அன்றே உட்கார்ந்து இருபத்தேழு கேள்வியையும் எடுத்தேன். யாரும் கவனிக்கவில்லை. கேட்ட பதில்களை ஒருவரும் ஒருநாளும் படித்ததில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சேர்ப்பது சுலபம். ஒன்றைச் சேர்க்கச் சொன்னால், அது யாரை வெயிலில் நிறுத்தும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சேர்க்காதீர்கள்.

அன்று லேப் திருப்பி அனுப்பிய கூடைகளின் எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டர்மேல் ஒட்டினேன். புதுக் கேள்வியோடு யார் வந்தாலும் அதைக் காட்டுவேன்.

22.