அழித்தும் கூடாத இடம்

தங்கையின் லேப்டாப்பில் இடம் இல்லை என்று கேள்விப்பட்டதும், யாரும் கூப்பிடாமலே உதவக் கீரனூர் போய்விட்டேன். துபாயில் இருக்கும் அவள் கணவர் மகளின் காதுகுத்துக்கு வர முடியவில்லை. வாட்சப்பில் போகாத அந்தப் பெரிய வீடியோவைப் பென் டிரைவில் போட்டு, அன்று மாலை துபாய் கிளம்பும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

திரையில் 'காதுகுத்து' என்றிருந்ததைப் பென் டிரைவுக்கு நகலெடுத்தேன். கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு, இடம் கிடைக்கட்டும் என்று லேப்டாப்பில் ஃபோல்டருக்குள் இருந்த வீடியோவை அழித்தேன்.

தங்கை பென் டிரைவை டிவியில் செருகினாள். எதுவும் ஓடவில்லை. லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, மூணு மணி நேர வீடியோ ரெண்டு கேபின்னு காட்டுது. ஒரு போட்டோகூட அதுல அடங்காதே."

நான் நகலெடுத்தது வீடியோவை அல்ல. அது இருக்கும் இடத்தைக் காட்டும் ஷார்ட்கட்டை. விலாசத்தைப் பத்திரப்படுத்திவிட்டு வீட்டை இடித்திருக்கிறேன். வேறு பிரதியும் கிடையாது.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் லேப்டாப்பைக் குறை சொன்னேன். "இவ்வளவு பெரிசை அழிச்சும் எடம் கூடலை பாரு."

"கூடலையா? அப்ப உள்ளதான் எங்கிட்டோ கெடக்கு. தள்ளுங்க."

அழித்தவை போய்க் கிடக்கும் ரீசைக்கிள் பின்னைத் திறந்தாள். காதுகுத்து முழுசாக இருந்தது. அதை மீட்டு அவளே நகலெடுத்தாள். இந்தமுறை வெகுநேரம் ஆனது.

"கையைக் கட்டிக்கிட்டு ஒக்காருங்கண்ணே. அதுவே பெரிய ஒத்தாசை."

இப்போதெல்லாம் இடம் நிறைந்துவிட்டது என்று கணினி சொன்னால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. எனக்காக எதை வைத்திருக்கிறதோ என்று முதலில் பார்க்கிறேன்.