கல்பகம் பொய்யாய் எழுதிய இருபத்தெட்டு எண்கள்

துணியை விரல் நுனியால் நிமிண்டிப் பார்த்தே அதன் உள்பூச்சு தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவாள் கல்பகம். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். ராணுவத்துக்கு வரும் சாமான்களைச் சோதித்து அனுப்பும் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. கூடாரம், முதுகுப்பை, மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பொன்ச்சோ எல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகும்.

பொன்ச்சோவுக்குக் கை கிடையாது. நடுவில் தலை நுழைய ஒரு திறப்பு, அதன்மேல் நாடா வைத்த முக்காடு, பக்கங்களில் பிரஸ் பட்டன், நாலு மூலையிலும் பித்தளை வளையம். விரித்தால் வெறும் செவ்வகத் துணி. அதில் ஒரு தையல் கோணினாலும் சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்புவாள். அவள் பேரைச் சொன்னாலே தைத்து அனுப்புகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

ஜூன் மாதம் ஒருநாள் மூன்று மணிக்கு அலுவலகத்தில் விழா. இத்தனை வருஷத்தில் அவள் சோதித்த சாமானில் ஒரு புகாரும் வராததற்காகச் சான்றிதழ் தருகிறார்கள். பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். அன்று பார்க்கவேண்டியது முப்பத்திரண்டு பொன்ச்சோ. ஒவ்வொன்றின் மூலை வளையத்திலும் எடையைத் தொங்கவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருந்து, துணி எவ்வளவு இழுபட்டது என்று அளந்து எழுத வேண்டும். நாலில் மட்டும் தொங்கவிட்டுப் பார்த்தாள். நாலும் தாங்கின. அதற்குள் மணி இரண்டேகால். மீதி இருபத்தெட்டுக்கும் தானே எண்களைப் போட்டாள், எல்லாம் ஒன்றுபோல் இருக்கக்கூடாதென்று சிலதைக் கூட்டி, சிலதைக் குறைத்து. முத்திரை குத்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு விழாவுக்குப் போனாள்.

செப்டம்பரில், பொன்ச்சோ எப்படி உழைக்கிறதென்று கேட்டுவரப் போலாரம் தாண்டி ஒரு பயிற்சி மைதானத்துக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே பயிற்சி கொடுக்கும் ஹவில்தார் தினேஷ் தேனிப் பக்கத்துக்காரர். தமிழ் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். இரண்டு பொன்ச்சோவைப் பட்டன் போட்டு இணைத்து, கயிறு கட்டி, ஐந்தே நிமிஷத்தில் இரண்டு பேர் படுக்கிற கூடாரமாக்கினார்.

"முதுகுல மூட்டை இருந்தாலும் மேல போட்டுக்கலாம் மேடம். தரை ஈரமா இருந்தா கீழ விரிச்சுக்குவோம். யாருக்காவது அடிபட்டா நாலு மூலையிலயும் கயித்தைக் கோத்துத் தூக்கிட்டுப் போயிருவோம்."

பிறகு, சாமான் வைத்திருந்த பெரிய கூடாரத்துக்குள் போய் மடித்த பொன்ச்சோ ஒன்றை எடுத்துவந்தார். அதன் ஒரு மூலையில் வளையம் இல்லை. துணி வாய்பிளந்து கிடந்தது.

"ஜூலையில கால் பிசகின பையன் ஒருத்தனை இதுலதான் தூக்கினோம். பாறைச் சரிவுல மூலை பிஞ்சிருச்சு. தோள்பட்டை எலும்பு முறிஞ்சுபோச்சு அவனுக்கு. கயிறு கட்டினது நான்தான் மேடம். முடிச்சை ரொம்ப இறுக்கிட்டேன்போல."

கல்பகம் முக்காட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். சோதித்தவரின் முத்திரை, எண் பதினேழு. அவளுடையது. கீழே ஜூன் மாதத் தேதி.

"ரொம்ப இறுக்கினா சில சமயம் அப்படி ஆகும்தான்" என்றாள்.

அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. தினேஷ் தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தன் பொன்ச்சோவைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டு, ஜீப் வரைக்கும் நனைந்துகொண்டே கூட வந்தார்.

வீட்டில் கணவர் சௌந்தரராஜனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், உண்மையை ஆபீசில் எழுதிக் கொடுக்கப்போவதையும். பாலாநகர் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் அவர்.

"நக்கோ, வேண்டாம் கல்பகம், எழுதிக் கொடுக்காதே. ரிட்டயராக இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு."

"அந்த மனுஷன் தன் மேலயே பழியைப் போட்டுண்டிருக்கார். நானும் ஆமான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

மறுநாள் காலையில் கல்பகம் இருபத்தெட்டு எண்களும் பொய் என்று எழுதி மேலதிகாரி ஸ்ரீனிவாசனிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார். "நீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சரக்கு முழுவதையும் திரும்ப வரவழைத்துச் சோதித்தார்கள். அவற்றில் மூன்று தாங்கவில்லை. முத்திரையை வாங்கிக்கொண்டு அவளைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள்.

உத்தரவு வந்த அன்றைக்கே பஸ் பிடித்துத் தினேஷைப் பார்க்கப் போனாள். நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் மேடம்" என்றார். "ஜூலையில இருந்தே அவன் மூஞ்சில முழிக்க முடியாம ஒதுங்கிப் போய்க்கிட்டிருந்தேன். அன்னிக்கு நீங்க வந்து போனப்புறம், தப்பு என்னோடதுதான்னு முடிவே பண்ணிட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று கல்பகத்துக்கு இருந்தது.

தோள் முறிந்த அந்தச் சிப்பாய் ஒடிசாக்காரன். தினேஷ்தான் தன் போனில் அவன் எண்ணைப் போட்டுக் கொடுத்தார். அவள் இந்தியில் தட்டுத்தடுமாறிச் சொன்னதை அவன் குறுக்கிடாமல் கேட்டான். கை இப்போது தோள் உயரத்துக்குமேல் தூக்க வரவில்லை, அதனால் ஸ்டோர் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்றான். பிறகு, தனக்குப் பயிற்சி தந்த தினேஷ் உஸ்தாத் பக்கத்தில் இருக்கிறாரா, போனை அவரிடம் கொடுங்கள் என்றான்.