கிரிவலப் பாதையில் இரண்டு சர்க்கரைக்காரர்கள்

எனக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. இந்த முறை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "நடங்க சார், எங்கயாவது போய் நடங்க" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். எங்கோ நடப்பதற்குத் திருவண்ணாமலையில் நடந்தால் கொஞ்சம் புண்ணியமும் சேருமே என்று பங்குனிக் கடைசியில் கிளம்பிவிட்டேன். பௌர்ணமிக் கூட்டம் எனக்கு ஒத்துவராது. அதனால் அதற்கு முந்தைய நாள்.

கிளாம்பாக்கத்தில் காலை ஒன்பது மணி பஸ். டிக்கெட் 180 ரூபாய், நாலரை மணி நேரம். திண்டிவனம் தாண்டியதும் தூங்கிவிட்டேன். ஆகவே வழியில் என்னென்ன பார்க்கலாம் என்று என்னிடம் கேட்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு, செங்கம் சாலையில் ஆசிரமப் பகுதிக்கு ஆட்டோ பிடித்தேன், 120 ரூபாய். மலையை முழுதாகச் சுற்ற 14 கிலோமீட்டர். அங்கே தொடங்கி அங்கேயே முடிப்பதாகத் திட்டம்.

ஆட்டோ ஓட்டியவர் பெயர் சேகர். நான் இறங்கும்போது என் காலைப் பார்த்தார்.

"செருப்பு போட்டுக்கினா சார் சுத்தப் போறீங்க?"

"சுகருங்க. வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

மலையை வெறுங்காலோடு சுற்றுவதுதான் வழக்கம் என்று எனக்கும் தெரியும். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வண்டியை அணைத்தார்.

"எங்க வூட்லயும் சுகருதான் சார். கால்ல புண்ணு. ஒடனே வந்து சேரு, லேட் பண்ணா காலையே எடுக்கணும்னு பெரியாஸ்பத்திரில சொல்லிட்டாங்க. இது என்னடான்னா பௌர்ணமி வியாபாரம் முடியட்டும்னு ஒக்காந்துக்கினு இருக்குது. அடி அண்ணாமலைல விளக்குக் கடை. கஸ்தூரின்னு பேரு. நான் சொன்னா எங்க கேக்குது? நீங்களும் அதே சீக்குக்காரரு. போற வழில ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

சரி என்று சொல்லி, அவர் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு நடக்கத் தொடங்கினேன். இந்தத் தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். தார் சாலையின் சூடு செருப்பையும் தாண்டி ஏறியது. வழியில் ஒரு குடும்பம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் வேண்டாம் என்றதும், சாமியே வேண்டாம் என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அடி அண்ணாமலை போய்ச் சேர ஐந்தே கால். கஸ்தூரியின் கடை என்பது ஒரு மேசையும் அதன்மேல் தார்ப்பாயும்தான். நெய் விளக்கு, கற்பூரம், தீப்பெட்டி. அவருக்கு என் வயதுதான் இருக்கும். இடது காலில் துணி சுற்றியிருந்தது. இரண்டு காலிலும் செருப்பு இல்லை.

சேகர் சொல்லி அனுப்பினார் என்றேன். சிரித்தார். "சவாரிக்கு வர்றவங்க எல்லாரையும் இதே மாரி அனுப்புறாரு."

ஆஸ்பத்திரியில் செருப்பு தரவில்லையா என்று கேட்டேன். மேசைக்கு அடியில் காட்டினார். சர்க்கரைக்காரர்களுக்கென்றே தரும் மெத்தென்ற செருப்பு, பிரிக்காத கவரில் அப்படியே இருந்தது.

"சாமி விளக்குங்க இது. செருப்பு போட்டுக்கினு எடுத்துக் குடுத்தா யாரு சார் வாங்குவாங்க? பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க."

"புண்ணு வலிக்கலையா?"

"அதான் சார் அதிசயம். முன்னல்லாம் ராத்திரில காலு எரியும், மொளகாப் பொடி தூவுன மாரி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோட சுத்துறேன்னு வேண்டிக்கினேன். ஒரு வருசத்துல எரிச்சலும் போச்சு, வலியும் போச்சு. மலையே எடுத்துக்கிச்சு. புண்ண மட்டும் வுட்டுடுமா?"

எரிச்சல் நின்றது நரம்பு செத்துப்போனதால். வலி தெரியாத புண்தான் காலை வாங்கும். இதை எனக்கு ஒரு டாக்டர் படம் போட்டு விளக்கியிருக்கிறார். பூசி மெழுகாமல் அப்படியே சொன்னேன். கஸ்தூரி தன் காலையே பார்த்தார்.

"அப்ப மலை எடுத்துக்கலியா?"

எனக்கும் காலில் புண் வந்தது, மூன்று வாரம் காலைக் கீழே வைக்காமல் படுத்துக் கிடந்து ஆற்றினேன் என்று பேச்சை மாற்றினேன்.

"வேலைக்கு?"

"லீவு போட்டேன்."

"சம்பளம்?"

"வந்துச்சு."

"அப்ப ஆறத்தான் செய்யும்," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல் சொன்னார்.

அதற்குள் ஐந்தாறு பெண்கள் விளக்கு வாங்க வந்துவிட்டார்கள். கஸ்தூரி எழுந்து, அந்தக் காலை ஊன்றி நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். "நாளைக்கு ஒரு நாளுதான் சார். நாளான்னிக்குக் கண்டிப்பாப் போயிடுறேன்." எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. யார் மேல் என்று மீதி வழி முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. நாங்கள் இருவரும் சாப்பிடுவது ஒரே மாத்திரை. அவருக்கு அது இலவசமாகவே கிடைக்கிறது. அவருக்குக் கிடைக்காதது அந்த மூன்று வாரம்.

ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்து சேகருக்குப் போன் செய்தேன். சொன்னபடி கஸ்தூரி பௌர்ணமிக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பித்தது. போன வாரம் மறுபடியும் பேசினேன்.

"கடைக்குப் போக ஆரம்பிச்சுடுச்சு சார். இப்ப செருப்பு போட்டுக்கினுதான் நிக்குது. டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு."

"வியாபாரம்?"

"கம்மி சார். ரொம்பக் கம்மி."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெயில் காலத்தில் விடியற்காலை நாலரைக்கே தொடங்கிவிடுங்கள், மெதுவாக நடந்தால் நாலு மணி நேரம் பிடிக்கும். தண்ணீர் பாட்டில் அவசியம். சர்க்கரை இருப்பவர்கள் மாத்திரையும் நாலு பிஸ்கட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், செருப்பைக் கழற்றாதீர்கள், யார் எப்படிப் பார்த்தாலும் சரி. அடி அண்ணாமலையில் விளக்கு வாங்குவீர்கள். அங்கே ஒரு அம்மா செருப்புக் காலோடு நின்று விளக்கை நீட்டினால், கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.