பெரியம்மாவுக்கு ஒரு கல்லறை

அது எந்த ஆண்டு என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. மேட்டூர் அணை தாமதமாகத் திறந்து, குறுவையே இல்லாமல், சம்பா ஒன்றை மட்டும் நட்ட ஆண்டு என்பது அம்மாவின் கணக்கு. அப்படிப்பட்ட ஆண்டுகள் எங்கள் பக்கத்தில் ஒன்றிரண்டு அல்ல. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன், கல்லறைத் திருநாள் சனிக்கிழமையில் வந்தது என்பது என் கணக்கு. பழைய நாட்காட்டிகளைத் தேடிப் பார்த்ததில் என் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆண்டைப் பற்றி அம்மா எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுவார். அன்று நடந்ததைப் பற்றிக் கேட்டால் மட்டும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவார். பெரியப்பா மகளைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. அதனால்தான் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. ஊரில் பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே கூரையின் இரண்டு பாதிகள். பெரியப்பாவுக்கு ஊரில் நல்ல மரியாதை. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர் அவர்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பெரியம்மா குவைத்தில் செவிலியராக இருந்தார். வீட்டை நடத்தியது கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்த அத்தை.

பெரியப்பாவின் ஒரே மகளான அக்கா அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தோழிகள் கிடையாது. வீட்டுக்குள் நடக்கும்போதும் காதில் ஹெட்போன் இருக்கும். அதன் ஒயர் எதிலும் சொருகப்படாமல் சட்டைப் பைக்குள் தொங்கும். "பாட்டு கேக்கறேன்னு நெனச்சு யாரும் பேச மாட்டாங்கல்ல" என்று எனக்கு விளக்கம் சொன்னாள். கறுப்பு மார்க்கரால் நகங்களுக்கு வண்ணம் பூசிக்கொள்வாள். முடியைத் தானே கத்தரித்துக்கொண்டு ஒருநாள் சாப்பிட வந்து உட்கார்ந்தபோது அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு பொம்பளப் புள்ள லட்சணமா இருக்கக் கூடாதா?"

"லட்சணத்துக்குத்தான் நீங்க இருக்கீங்களே அத்தை. வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

கையில் கிடைத்த எல்லாவற்றிலும் வரைவாள். கேஸ் சிலிண்டர் ரசீதின் பின்பக்கம், உரச் சாக்கு, குளியலறைச் சுவரின் ஈரம். என் அப்பா ஒருமுறை அவளுக்கு எதிரே வெகுநேரம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, தன்னைத்தான் வரைகிறாள் என்று நம்பி, எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். தாளில் நாற்காலி மட்டும் இருந்தது.

"என்னம்மா, காலி நாற்காலியில்ல வரஞ்சிருக்க?"

"நீங்கதான் எந்திரிச்சு வந்துட்டீங்களே சித்தப்பா."

அவள் என்னிடம் மட்டும் கொஞ்சம் இளகி இருந்தாள். நான் எதற்கும் சிரிப்பேன் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஏதாவது சொல்வாள், பெரியவர்கள் கோபப்படுவார்கள், நான் சிரிப்பேன். எங்கள் வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே ரசிகை நான்.

அதற்கு முந்தைய ஆண்டு ஈஸ்டருக்கு விடுப்பில் வரவேண்டிய பெரியம்மா வரவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் தொலைபேசியில் பேசினார். இனி வரப்போவதில்லை என்றார். ஏன் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. பிளஸ் டூ முடிந்ததும் மகளைத் தன்னிடம் அனுப்பிவிட வேண்டும், அவள் ஆசைப்படி ஓவியம் படிக்க வைக்கிறேன் என்றும் சொன்னாராம். பெரியப்பா போனை வைத்துவிட்டு, "அவ செத்துட்டா. இனிமே அவ பேர இந்த வீட்ல எடுக்கக் கூடாது" என்றார். அப்புறம் யாரும் எடுக்கவில்லை. பெரியம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவின் செல்லுக்குப் பேசுவார். அக்கா மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று பேசிவிட்டு வருவாள்.

குவைத் போகப் பாஸ்போர்ட் வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்கு அதை எடுக்கத் தகப்பனின் கையெழுத்து வேண்டும் என்று சொன்னார்கள். அந்த அக்டோபரில் அக்கா போய்க் கேட்டாள். கேலியில்லாமல், கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள். அப்படி அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"அங்க யாரு இருக்கான்னு போற?" என்றார் பெரியப்பா.

"எங்கம்மா."

"உங்கம்மா செத்துட்டா."

அக்கா கட்டியிருந்த கைகளைப் பிரித்துத் தொங்கவிட்டாள்.

"அப்டியா? என்கிட்ட சொல்லவே இல்லையே. எங்க பொதச்சீங்க?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார்.

கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதிக்கு முன்னால் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் பொங்கலுக்கு முந்தைய வீடு போல ஆகிவிடும். அவரவர் குடும்பத்துக் கல்லறைகளைச் சுற்றிப் புல் செதுக்கி, சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடித்து, பெயரையும் தேதிகளையும் கறுப்புப் பெயின்டால் புதுப்பிப்பார்கள். மழைக்காலத்தில் சுண்ணாம்பு அடிக்கும் வேலை இது. பாதி காய்வதற்குள் கரையும். ஆனாலும் எல்லோரும் அடிப்பார்கள். எங்கள் குடும்ப வரிசையில் எழுத்து எழுதுவது பல ஆண்டுகளாக அக்காவின் பொறுப்பு. அச்சடித்தது போல எழுதுவாள். குடும்பம் அவளிடம் ஒப்புக்கொண்ட ஒரே திறமை அதுதான். "செத்தவங்கதான் எனக்கு ரெகுலர் கஸ்டமர். குறையே சொல்றதில்ல" என்பாள்.

அந்த ஆண்டு நடவு முடிந்த கையோடு மழை கொட்டியது. இளம்பயிர் நீரில் முழுகிக் கிடந்ததால் பெரியப்பாவும் அப்பாவும் தண்ணீரை வடிய வைக்க வயலிலேயே கிடந்தார்கள். கல்லறைப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து பெரியவர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. திருநாளுக்கு முந்தின நாள் பள்ளி விட்டதும் நான் அங்கே போனேன். அக்கா எழுத்து வேலையை முடித்துவிட்டு, எங்கள் வரிசையின் கடைசியில் இருந்த வெற்று இடத்தில் களிமண்ணைக் குவித்துக்கொண்டிருந்தாள். ஆள் நீளத்துக்கு ஒரு மேடு. ஓரங்களில் உடைந்த ஓட்டுத் துண்டுகள் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. ஈரம் காயாத அந்த மண்ணின் மேலேயே சுண்ணாம்பு அடித்தாள். பிறகு சாக்கைப் பிரித்து ஒரு மரச் சிலுவையை எடுத்தாள்.

கறுப்புச் சிலுவையில் வெள்ளை எழுத்தில் பெரியம்மாவின் பெயர் இருந்தது. அதன் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். நடுவில், பணக்காரக் கல்லறைகளில் பதிக்கும் பீங்கான் படம் போல ஒரு முட்டை வடிவத்துக்குள் பெரியம்மாவின் முகம். கல்லறைப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை. பெரியம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மறைவு என்று இருந்த தேதி எது என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் நாட்காட்டியில் சரிபார்த்தேன். அது ஈஸ்டருக்கு மறுநாள்.

"பெரியம்மாதான் இருக்காங்களே?" என்றேன்.

"இது நாடகம்டி. நாளைக்கு ஃபாதர் ஒவ்வொரு கல்லறையா மந்திரிச்சுக்கிட்டு வருவாருல்ல? இங்க வந்ததும் யாருன்னு கேப்பாரு. உங்க பெரியப்பா எல்லார் முன்னாடியும், என் பொண்டாட்டி உயிரோட இருக்கான்னு சொல்லியாகணும். சாமியார்கிட்ட பொய் சொல்ல மாட்டாருல்ல? உயிரோட இருக்கான்னு ஒரு தடவ வாயத் திறந்து சொல்லிட்டாருன்னா, அப்புறம் கையெழுத்துப் போட மாட்டேன்னு எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு சொல்வாரு?"

"சொல்லலேன்னா?"

"சொல்லுவாரு" என்றாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. மாலையில் கல்லறைத் தோட்டத்திலேயே பூசை. பூக்கூடையும் மெழுகுவத்தியுமாக நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை தொடங்கிவிட்டது. அத்தைதான் முதலில் பார்த்தார். சிலுவையைப் பிடுங்கக் கையை நீட்டினார். சுற்றிலும் ஊரே நின்றது. கையை இழுத்துக்கொண்டு, முந்தானையை அகலமாக விரித்தபடி சிலுவைக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அத்தை. அம்மாவ மறைக்கிறீங்க" என்றாள் அக்கா.

அதற்குள் எதிர்வீட்டுக்காரம்மா கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டார். அந்த முகத்தை அவ்வளவு அச்சாக வரைந்திருக்கக் கூடாது. "ஐயோ, இது நம்ம நர்சம்மா இல்ல? குவைத்துக்குப் போன புள்ள? எப்பங்க? சொல்லவே இல்லையே!" என்று அவர் மார்பில் கை வைத்தார். வெளிநாட்டில் இறந்தவர்களின் உடல் எல்லாமே ஊர் வந்து சேர்வதில்லை என்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே சிலுவை மட்டும் நடுவதும் உண்டு. ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை. பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் அழவே தொடங்கிவிட்டார்கள். பெரியப்பா சிலுவையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

பூசை முடிந்து சாமியார் தீர்த்தச் செம்போடு வரிசையாக வந்தார். ஊருக்குப் புதிதாக வந்த உதவிப் பங்குச் சாமியார். ஆட்களை இன்னும் தெரியாது. ஒவ்வொரு கல்லறையிலும் பெயரைப் படித்து, சிறு செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தார். எங்கள் வரிசையின் கடைசிக்கு வந்ததும் நின்றார்.

"புதுசா இருக்கே. யாரும்மா இது?"

"எங்கம்மா ஃபாதர்."

"எப்போ இறந்தாங்க?"

"அப்பாவத்தான் கேக்கணும். அவருக்குத்தான் தெரியும்."

எல்லோரும் பெரியப்பா பக்கம் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினாள். அவள் முகத்தில் கேலி இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"போன வருஷம் சாமி" என்றார். "ஈஸ்டருக்கு மறுநாள். அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க."

சாமியார் அவர் தோளைத் தொட்டுவிட்டுச் செபத்தைத் தொடங்கினார். ஊரே சேர்ந்து பதில் சொன்னது. பெரியப்பா என் கையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை வாங்கி, மேட்டின் அருகே குனிந்து ஏற்றினார். ஈரக் காற்றில் அது அணைந்தது. துண்டால் மறைத்துக்கொண்டு மறுபடி ஏற்றி, களிமண்ணில் ஆழமாக ஊன்றினார். தீர்த்தம் சிலுவையின் மேலும் அக்காவின் கையின் மேலும் தெறித்தது. அக்கா வாயைத் திறந்தாள். அவளிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும் என்பதால் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். பெரியப்பாவுக்கு விளையாட்டே பிடிக்காது என்றல்லவா நினைத்திருந்தேன்? அவரும் நாடகத்தில் சேர்ந்துகொண்டார். அதுவும் அக்காவை விட நன்றாக நடித்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இதை அக்காவிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததிலிருந்தே துக்கம் கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்பா வாசலில் நாற்காலி போட்டார். பெரியப்பா நடுவில் உட்கார்ந்து, வந்தவர்களின் கைகளைப் பிடித்து, என்ன காய்ச்சல், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் ஏதோ சொன்னார். அக்காவின் செல் அவர் சட்டைப் பையில் இருந்தது. பெரியம்மா வழக்கமாகப் பேசும் நேரத்துக்கு அது அதிர்ந்தது. அவர் அதை வெளியே எடுக்காமல், பைக்கு மேலாகவே அழுத்தி நிறுத்தினார். மறுபடி அதிர்ந்தது. மறுபடி நிறுத்தினார். எதிரே இருந்தவர், "எடுத்துப் பேசுங்களேன், வெளியூர்லேந்து யாராச்சும் துக்கம் விசாரிப்பாங்க" என்றார்.

அக்கா தாவணி கட்டியிருந்தாள். அத்தை சொல்லியிருக்க வேண்டும். நகத்தில் கறுப்பு இல்லை. காதில் ஹெட்போன் இல்லை. தட்டில் காபி டம்ளர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னும் குனிந்து நீட்டினாள். எதிர்வீட்டுக்காரம்மா அவள் கன்னத்தைத் தடவிக் கண்கலங்கினார்.

"ஆத்தா மொகத்தக் கடைசியா ஒரு தடவ பாக்கக்கூட உனக்குக் குடுத்து வைக்கலையேம்மா."

"ஆமாங்க" என்றாள் அக்கா.

"இனிமே அப்பாதாம்மா உனக்கு எல்லாம். அவர் சொல்றபடி கேட்டு நடந்துக்கணும்."

"சரிங்க."

நான் கதவருகில் அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தேன். இதுவும் நாடகத்தின் ஒரு பகுதிதான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இவ்வளவு நேரம் முகத்தை மாற்றாமல் அவளால் இருக்க முடிகிறதே என்று வியந்தேன். எந்த நிமிடமும் அவள் ஒரு வார்த்தை சொல்லப்போகிறாள். பெரியவர்கள் எல்லோரும் திடுக்கிடப்போகிறார்கள். காபித் தட்டோடு அவள் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்தபடி, அன்று பொழுது சாயும்வரை நான் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.