வெறும் தகரத்தில் மூன்று பொட்டு

திருவொற்றியூரே மீனைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், காலடிப்பேட்டைச் சைவனான நான் மட்டும் மீனுக்குச் சாப்பாடு போட்டேன். கண்ணாடித் தொட்டி, அதற்குள் நான்கு கலர் மீன்கள். தொழிற்சாலைத் தலைமைக் குமாஸ்தாவின் வீட்டுக்குள் நாகரிகம் வேறு எப்படி நுழையும்?

தொட்டியை வைக்கத் தகரத்தில் ஒரு தாங்கி செய்தேன். வர்ணம் பூச ராயபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். எங்கள் தொழிற்சாலையில் பெயிண்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. மேனேஜரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

மண்ணெண்ணெய் போட்டுப் பிசுக்கைத் துடைத்தார். உப்புத்தாளால் தேய்த்துத் தகரத்தை வெள்ளியாக்கினார்.

"சார், டீ குட்ச்சிட்டு வந்து அடிக்கிறேன். அதுக்குள்ள கை கிய் வெச்சிடாதே. வேர்வை பட்டாலே துரு புட்சிக்கும்."

பட்டதாரிக்கே பாடம்! அன்று வெள்ளிக்கிழமை வேறு. புதுப்பொருளுக்குப் பொட்டு வைக்காமல் விட நாங்கள் என்ன நாத்திகர்களா? உப்புக் கிணற்று நீரில் சந்தனம் குழைத்து, முன்பக்கம் வரிசையாக மூன்று பொட்டு வைத்தேன். கைதானே வைக்கக்கூடாது என்றார். நான் வைத்தது விரல். அவர் திரும்புவதற்குள் துண்டால் துடைத்தும் விட்டேன். அவர் சிவப்பு அடிப்பூச்சு பூசி, காய்ந்தபின் பச்சை வர்ணம் அடித்துக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேனேஜர் மீன் பார்க்க வந்தார். அறிமுகப்படுத்துவதற்காகப் பெயிண்டரையும் வரச்சொல்லியிருந்தேன். மேனேஜர் மீனைப் பார்க்கவில்லை. தாங்கியில் வரிசையாகப் புடைத்திருந்த மூன்று கொப்புளங்களைப் பார்த்தார்.

"இது யார் வேலை?"

பெயிண்டர் குனிந்து ஒரு கொப்புளத்தை நகத்தால் உரித்தார். அடியில் வட்டமாகத் துரு. சிரித்துவிட்டார்.

"இன்னா சார், பொட்டு வெச்சியா?"

"நான் எதையும் தொடவில்லை" என்றேன். பிசுக்கு சரியாகப் போகாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று மேனேஜருக்கு விளக்கமும் கொடுத்தேன். விளக்குவதில் எனக்கு என்றுமே குறை இருந்ததில்லை.

பெயிண்டர் வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"பொட்டு தகரத்துக்கு வெச்ச. நாமம் எனக்குப் போட்டுட்ட. இதுல நீ சைவமாம்!"

அந்த வேலை உடனே ஒன்றும் போய்விடவில்லை. அடுத்த சனிக்கிழமைதான் வேறொருவரை எடுத்தார்கள். இடையில் ஐந்து நாள். தினமும் நான்கைந்து தடவை கோப்புகளோடு மேனேஜர் அறைக்குள் போனேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.